கடைசி ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு. ஆறு வயதிலிருந்து கர்நாடக வயலின் படிக்கிறாள், மிடில் ஸ்கூல் சேர்ந்த நாளிலிருந்து பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவிலும் வாசிக்கிறாள். இப்போது "ஆர்க்கெஸ்ட்ரா டீச்சராகத்தான் ஆவேன்" என்று உறுதியாக நிற்கிறாள். வருடத்துக்கு நாலு நிகழ்ச்சி நடத்துவது ஒரு முழுநேர வேலையா, மீதி நாளெல்லாம் அவர்கள் என்னதான் செய்கிறார்கள், பத்து வருடம் சொல்லிக்கொடுத்த வயலின் வாத்தியாரின் உழைப்பு இதில் என்ன ஆகும் என்பவை அம்மாவின் கவலைகள்.

நான் டெக்சாஸில் ஒரு மிடில் ஸ்கூலில் 19 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். கடைசிக் கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாத்தியாரின் உழைப்பு ஒரு துளியும் வீணாகாது. என் வகுப்பில் நான் செய்வதில் பாதி, திருவானைக்காவலில் பாயில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அதை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் அன்றாட வேலை.

காலை 7 மணிக்கு அறையைத் திறப்பேன். வகுப்பு தொடங்கும் முன், ஒரு வாத்தியக் குழுவுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி தரும் செக்‌ஷனல் உண்டு. திங்கள் முதல் வயலின், செவ்வாய் இரண்டாம் வயலின், புதன் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, வியாழன் இன்னும் பெரிய செல்லோவும் எல்லாவற்றிலும் பெரிய டபுள் பேஸும். அதன்பின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் மாறி மாறி வரும். இதில் மிகக் கடினமானதும் எனக்கு மிகப் பிடித்ததும் ஆறாம் வகுப்புதான். ஆகஸ்ட் கடைசியில், வாத்தியத்தைத் தொட்டே பார்க்காத 38 பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அரை வயலின், முக்கால் வயலின், முழு வயலின் என்று கையை நீட்டச் சொல்லி அளந்து கொடுப்பேன். முதல் மூன்று வாரம் வில் கிடையாது. பென்சிலைத்தான் வில்லாகப் பிடிப்பார்கள். கட்டை விரல் வளைந்திருக்க வேண்டும், சுண்டு விரல் மேலே வளைந்து உட்கார வேண்டும். 38 கைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருத்தி முடிப்பதற்குள், முதலில் திருத்திய கை பழையபடி இறுகிப் போயிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து.

சுருதி சேர்ப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 வாத்தியம், ஒவ்வொன்றிலும் 4 தந்தி, மொத்தம் 152 தந்தி. ஒரு வாத்தியத்துக்கு அரை நிமிடம் என்றாலும் 19 நிமிடம் போய்விடும். வகுப்பு மொத்தமே முக்கால் மணி நேரம்தான். அதனால் முதல் சில மாதம் பிள்ளைகள் வருவதற்கு முன்பே வந்து, பெட்டி பெட்டியாகத் திறந்து நானே சேர்த்து வைத்துவிடுவேன். ஜனவரியில் விடுமுறை முடிந்து திரும்பும் நாள் இன்னும் மோசம். குளிரும் ஹீட்டரும் சேர்ந்து காற்றை உலர்த்தியிருக்கும். மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிருடை பிடியை விட்டு, தந்திகள் தொளதொளவென்று கிடக்கும். வயலினில் தந்திகளைத் தாங்கும் மரத் துண்டான குதிரையை ஒட்டி வைப்பதில்லை, தந்திகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. தந்தி தளர்ந்தால் குதிரை சாய்ந்துவிடும். அன்றைக்கு என் மேசையில் வரிசையாக இருபது வயலின் படுத்திருக்கும், ஒவ்வொன்றாக நிமிர்த்தி நிற்க வைப்பேன்.

இப்போது பாடம். கர்நாடகத்தில் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்குகிறோம். இங்கே எல்லாரும் டி மேஜரில், அதாவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், தொடங்குகிறோம். வயலினுக்கும் வயோலாவுக்கும் டி தந்தியிலும் ஏ தந்தியிலும் விரல் வைப்பு ஒரே மாதிரி அமைவது ஒரு வசதி. ஆனால் அதே நாலு ஸ்வரத்துக்கு வயலின் பிள்ளை திறந்த தந்தியோடு 1, 2, 3 விரல் வைக்கும்போது, செல்லோ பிள்ளை 1, 3, 4 வைக்க வேண்டும். டபுள் பேஸ் பிள்ளை மூன்று ஸ்வரத்திலேயே அடுத்த தந்திக்குத் தாவ வேண்டும், மேல் ஸட்ஜத்தைத் தொடக் கையையே கழுத்தில் கீழே நகர்த்த வேண்டும். "இரண்டாவது விரல்" என்று நான் சொன்னால் அறையில் பாதிப் பேருக்கு அது தப்பான பாடம். ஒரே வகுப்பில், ஒரே நேரத்தில், நாலு வாத்தியத்துக்கும் நாலு விதமாகச் சொல்லிக்கொண்டே தாளமும் விடாமல் இருப்பதுதான் இந்த வேலையின் கைப்பழக்கம். அதனால்தான் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்விப் பட்டத்துக்குப் படிப்பவர்கள், தங்கள் வாத்தியம் எதுவாக இருந்தாலும், நாலு வாத்தியத்தையும் தொடக்க நிலையாவது வாசிக்கக் கற்றாக வேண்டும்.

வயலினைக் கூட்டமாகச் சொல்லிக்கொடுப்பது என்ற யோசனையே ஒன்றும் மிகப் பழையது இல்லை. 1890-களின் கடைசியில் இங்கிலாந்தில் மெய்ட்ஸ்டன் என்ற ஊரில், மர்டாக் என்ற கம்பெனி குறைந்த விலைக்கு வயலின் கொடுத்து, வாரா வாரம் சில்லறையாகப் பணம் வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடங்களில் கூட்டு வகுப்புகளுக்கு வழி செய்தது. அது நாடெங்கும் பரவி, உச்சத்தில் சுமார் 4 லட்சம் பிள்ளைகள் வாசித்தார்கள். பாஸ்டனில் பள்ளி இசை மேற்பார்வையாளராக இருந்த ஆல்பர்ட் மிட்செல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1911-ல் பாஸ்டன் பள்ளிகளில் வயலின் வகுப்பு தொடங்கினார். அமெரிக்கப் பள்ளிகளில் இன்று நாங்கள் செய்யும் வேலையின் வேர்களில் ஒன்று அது. வயலின் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்ற நிலைமையை மாற்றியவர்கள் அவர்கள்.

சிறுபிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் ஒரு முறையை உருவாக்கிய சுசூகியைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு இருக்க முடியாது. ஷினிச்சி சுசூகி 1898-ல் நகோயாவில் பிறந்தவர். அப்பா வயலின் தொழிற்சாலை நடத்தினார். தொழிற்சாலையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு வயலின் என்பது ஒரு சரக்கு, அவ்வளவுதான். பதினேழு வயதை ஒட்டி வயலின் மேதை மிஷா எல்மன் வாசித்த இசைத்தட்டு ஒன்றைக் கேட்டபிறகுதான், இந்தப் பெட்டிக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறதா என்று தெரிந்தது. ஒரு வயலினை வீட்டுக்கு எடுத்துப்போய், இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுத் தானே வாசிக்க முயன்றார். பிறகு 1920-களில் பெர்லின் போய் கார்ல் கிளிங்லரிடம் வருடக்கணக்கில் படித்தார். ஜப்பானியப் பிள்ளைகள் எல்லாரும் ஜப்பானிய மொழியைத் தடுமாறாமல் பேசுகிறார்களே, அப்படியென்றால் இசையையும் அதே வழியில் கற்கலாமே என்ற அவருடைய எண்ணம்தான் அந்த முறைக்கு அடிப்படை. 1958-ல் அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரியில் ஒரு திரையிடல் நடந்தது. நூற்றுக்கணக்கான ஜப்பானியச் சிறுபிள்ளைகள் சேர்ந்து பாக்கின் இரட்டை வயலின் கான்சர்ட்டோவை வாசித்த படத்தைப் பார்த்து அமெரிக்க ஆசிரியர்கள் திகைத்துப் போனார்கள். அடுத்த வருடமே அமெரிக்க வயலின் ஆசிரியர் ஜான் கெண்டல் ஜப்பானுக்குப் போய் நேரில் பார்த்து வந்தார். 1964-ல் சுசூகியே பத்துப் பிள்ளைகளோடு அமெரிக்கா வந்து வாசிக்க வைத்தார்.

சுசூகி முறையில் மூன்று நாலு வயதில் தொடங்குவார்கள், பாடத்தின்போது தாயோ தந்தையோ பக்கத்தில் இருப்பார்கள். பள்ளி ஆர்க்கெஸ்ட்ரா ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை. பிள்ளைக்குப் பதினொரு வயது. வீட்டில் வாசித்துப் பார்க்க இடமில்லாத பிள்ளை உண்டு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளை உண்டு, வாத்தியத்தைப் பள்ளியிலிருந்து வெளியே எடுத்துப்போகவே பயப்படும் பிள்ளை உண்டு.

உங்கள் மகளின் விருப்பத்தை நான் மதிப்பதற்கான காரணமும் இதில்தான் இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டிரண்டு பேர் இசைத் தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். முதல் ஸ்டாண்டில் உட்காரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வீட்டில் தனி ஆசிரியர் இருக்கிறார், நல்ல வயலின் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போக அப்பாவின் கார் இருக்கிறது. அவர்கள் நன்றாக வாசிப்பதில் எனக்குப் பங்கு குறைவு. கடைசி ஸ்டாண்டில் இருக்கும் பிள்ளைக்கு என்னைத் தவிர வேறு ஆசிரியர் கிடையாது. அந்தப் பிள்ளை எப்படி வாசிக்கிறதோ அதுதான் என் வேலையின் தரம். ஒரு பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்கப் போனால் நான் முதலில் பார்ப்பது இரண்டாம் வயலினின் கடைசி ஸ்டாண்டை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு பேர்.

எட்டு வயதில் திருவானைக்காவலில் ஒரு வாத்தியாரிடம் சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் ஆறேழு பையன்கள் பாயில் வட்டமாக உட்காருவோம். யாருக்கு வராதோ அவனைக் கூப்பிட்டு, "இங்க வாடா, என் பக்கத்துல உக்காரு" என்பார். அது தண்டனை என்றுதான் முதலில் நினைத்தேன். ஜண்டை வரிசையில் மாட்டிக்கொண்டபோது நான் ஒரு மாதம் முழுக்க அந்த இடத்தில் உட்கார்ந்தேன். நான் வாசிக்கும்போது அவரும் கூடவே, வில்லைத் தந்தியில் பட்டும் படாமலும் வைத்து, மிக மெதுவாக வாசிப்பார். வேறு யாருக்கும் கேட்காது. என் காதுக்கு மட்டும் சரியான ஸ்வரம் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். விரல் தானாக அங்கே போய்ச் சேரும். "தப்பு" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தப்பான இடத்தில் கொஞ்சம் அழுத்தி வாசிப்பார், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வயதில் ஹூஸ்டன் வந்தோம். ஏழாம் வகுப்பில் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்த்தார்கள். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து வயலினைத் தோளில் வைத்திருக்க, நான் தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆர்க்கெஸ்ட்ரா மிஸ் சிரிக்கவில்லை. "உன் ஊர் வழக்கப்படியே வாசி, நாங்கள் எல்லாரும் கேட்கிறோம்" என்றார். நான் ஒரு கீதம் வாசித்தேன். முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் விரலை வழுக்குவதை எப்படிச் செய்கிறாய் என்பது. என்னிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று முப்பது பிள்ளைகள் முன்னால் காட்டிவிட்ட பிறகுதான், நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

எனக்கு மேல்நாட்டு இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. ஒவ்வொரு குறிக்கும் கீழே தமிழில் ஸ, ரி, க, ம என்று எழுதிக்கொள்வேன். வேறு ஆசிரியராக இருந்தால் அழிக்கச் சொல்லியிருப்பார். மிஸ் அந்த ஏழு எழுத்தையும் என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தார்: இந்த வாரம் ஸ-வை மட்டும் அழித்துவிடு, மற்றதெல்லாம் இருக்கட்டும். அடுத்த வாரம் ப. அதற்கடுத்த வாரம் ரி. ஏழு வாரத்தில் காகிதம் சுத்தமாகிவிட்டது, எனக்குப் படிக்க வந்துவிட்டது. மதிய உணவு நேரத்தில் தன் சாண்ட்விச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு என் வில் கையைத் திருத்துவார். முதல் நிகழ்ச்சிக்கு முந்தின ரிஹர்சலில், முன்னால் நின்று நடத்துவதை ஒரு பெரிய மாணவியிடம் விட்டுவிட்டு, கடைசி ஸ்டாண்டில் என் பக்கத்து நாற்காலியில் வயலினோடு வந்து உட்கார்ந்தார். வில்லைத் தந்தியில் பட்டும் படாமலும் வைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. திருவானைக்காவல் எங்கே, ஹூஸ்டன் எங்கே.

அதனால் வாத்தியாரின் உழைப்பு என்ன ஆகும் என்று கேட்காதீர்கள் அம்மா. வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்ததே இப்படித்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை ஒட்டிய மணலியில் ஐரோப்பியரிடம் மேல்நாட்டு முறையில் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அவர் போன வழியில் உங்கள் மகள் எதிர்த் திசையில் வருகிறாள். கர்நாடகம் படித்த பிள்ளைக்குக் காது கூர்மையாக இருக்கும், தாளம் உடம்பில் இருக்கும். வகுப்பில் இந்த இரண்டும் பெரிய சொத்து. வில் பிடியும் நிற்கும் விதமும்தான் மாற வேண்டும். அதற்கு ஹங்கேரியில் பிறந்து இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த பால் ரோலண்டின் பாடங்களைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். உடம்பு இறுகாமல் முழு உடம்பும் அசைந்து வாசிக்கப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை 1960-களின் பிற்பாதியில் அவர் வருடக்கணக்கில் ஆராய்ந்து படங்களாக எடுத்து வைத்தார். பாயில் உட்கார்ந்து கற்ற எனக்குக் கழுத்தும் தோளும் இளகியது அதைப் பார்த்துத்தான்.

நிகழ்ச்சிகள் பற்றி. டிசம்பரிலும் மே மாதத்திலும் பெற்றோருக்கான மேடை. புதியவர்கள் ஐந்தாறு ஸ்வரத்துக்குள் அடங்கும் சின்ன மெட்டு வாசிப்பார்கள், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். தயவுசெய்து அதைக் கேட்கும்போது போனைக் கீழே வைத்துவிடுங்கள். 38 வில்லும் ஒரே திசையில் போவதற்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது.

வசந்த காலத்தில் டெக்சாஸ் பள்ளிகளுக்கு யு.ஐ.எல். (மாநிலப் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) மதிப்பீடு உண்டு. மேடையில் மூன்று நடுவர்கள் முன்னால் தயார் செய்த உருப்படிகளை வாசிக்க வேண்டும். அது முடிந்து இன்னொரு அறை. அங்கே வேறு மூன்று நடுவர்கள், யாரும் பார்த்தே இராத ஓர் உருப்படி. சில நிமிடம் ஆசிரியர் வாயால் விளக்கலாம், பிள்ளைகள் வாசிக்காமல் விரலை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். பிறகு நேராக வாசிக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை தரம், ஒன்றுதான் உயர்ந்தது.

சில வருடம் முன்பு அந்த அறையில் என் எட்டாம் வகுப்பு நடுவழியில் சிதறியது. முதல் வயலின் ஒரு அட்சரம் முந்திப் போனது, வயோலா நின்றே விட்டது. என் கை தாளம் காட்டிக்கொண்டிருந்தது, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டபுள் பேஸில் ஒரே ஒரு பையன். ஆறாம் வகுப்பில் யாரும் எடுக்காததால் அவனுக்கு வந்து சேர்ந்த வாத்தியம் அது. வீட்டில் வாசிக்க வழியில்லை, பள்ளி பஸ்ஸில் பேஸை ஏற்றவும் முடியாது. அவனுடைய பகுதியில் அந்த இடத்தில் இருந்ததெல்லாம் திறந்த டி தந்தி மட்டும், அட்சரத்துக்கு ஒன்று. அவன் என் கையையே பார்த்துக்கொண்டு, வில்லைச் சரியான இடத்தில் வைத்து, ஒவ்வொரு அட்சரத்துக்கும் அந்த டி-யை இழுத்துக்கொண்டே இருந்தான். தம்புரா மாதிரி. முதலில் செல்லோக்கள் அவனோடு வந்து சேர்ந்தன. பிறகு இரண்டாம் வயலின். எட்டுப் பத்து ஆவர்த்தனத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தோம், முடிவையும் சேர்ந்தே தொட்டோம். எங்களுக்கு இரண்டாம் தரம்தான் கிடைத்தது. பிள்ளைகள் பஸ்ஸில் அழுதார்கள். என் 19 வருடத்தில் நான் மிகவும் பெருமைப்படும் நிகழ்ச்சி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சிரமங்களையும் மறைக்கக் கூடாது. செப்டம்பர் முதல் மே வரை பல மாலைகளும் சனிக்கிழமைகளும் போய்விடும். அரசுப் பள்ளியில் சம்பளம் மற்ற ஆசிரியர்களுக்கு உள்ள அளவுகோல்தான். கூடுதல் வேலைக்கு ஒரு தொகை கிடைக்கும், ஆனால் செலவிடும் நேரத்துக்கு அது ஈடாகாது. பட்ஜெட் வெட்டு வரும்போது கலைப் பாடங்களுக்குத்தான் முதல் அடி. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு வருடம் பழுதுபார்க்கப் பணமே ஒதுக்கவில்லை. உடைந்த செல்லோக்கள் அலமாரியில் கிடக்க, இரண்டு பிள்ளைகள் ஒரு செல்லோவை மாற்றி மாற்றி வாசித்தார்கள். அந்தக் கோடையில்தான் குதிரை செதுக்கவும் பிருடை பொருத்தவும் நானே கற்றுக்கொண்டேன்.

நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லெமில் ராபர்ட்டா குவாஸ்பாரி என்ற ஆசிரியை, தான் கிரேக்கத்தில் வாங்கி வைத்திருந்த 50 வயலின்களோடு 1980-களின் தொடக்கத்தில் வகுப்பு ஆரம்பித்தார். 1991-ல் பட்ஜெட் வெட்டில் அவர் வேலை போயிற்று. பெற்றோரும் நண்பர்களும் பணம் திரட்டி வகுப்பைக் காப்பாற்றினார்கள். 1993-ல் அந்தப் பிள்ளைகள் கார்னெகி ஹாலில் ஐசக் ஸ்டெர்ன், இட்சாக் பெர்ல்மன் போன்ற மேதைகளோடு ஒரே மேடையில் வாசித்தார்கள். அந்தக் கதையில் எல்லாரும் கார்னெகி ஹாலைப் பேசுவார்கள். எனக்கு அந்த 50 வயலின்தான் கண்ணில் நிற்கிறது. யார் கேட்டு வாங்கினார், எந்தப் பள்ளிக்கு என்று வாங்கினார்? பிள்ளைகளைக் கண்ணில் காணும் முன்பே அவர்களுக்கான வாத்தியத்தை வாங்கி வைத்த மனசு அது.

மகள் இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. வயோலாவையாவது இந்தக் கோடையில் கையில் எடுக்கட்டும். வயலினின் கீழ் மூன்று தந்திகள் அப்படியே அதில் இருப்பதால் சீக்கிரம் பிடிபடும், புதிய குறிப்பு முறையும் பழகும். அதன்பின் செல்லோ. இசைக் கல்விப் பட்டம் நாலு வருடம், அதற்குள் ஒரு பருவம் பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருக்க வேண்டும், பிறகு மாநிலச் சான்றிதழ் தேர்வு. கல்லூரியில் சேரும்போது வாசித்துக் காட்ட மேல்நாட்டு உருப்படிகள் வேண்டும், ஆகவே ஒரு தனி ஆசிரியரை இப்போதே பிடியுங்கள். கர்நாடக வகுப்பை மட்டும் நிறுத்த வேண்டாம்.

என் திருவானைக்காவல் வாத்தியார் பல வருடம் இருந்தார். கண் மங்கிய காலத்தில் அவர் பேரன் வழியாக ஒரு மே மாத நிகழ்ச்சியின் வீடியோவை அனுப்பினேன். முதல் ஸ்டாண்டில் இருந்த பெண் மிக அருமையாக ஒரு தனி வாசித்திருந்தாள், அதைக் கேட்டு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனில் வந்தார். "பின்னால தூண் ஓரமா ஒரு பையன் உக்காந்திருக்கானே, அவன் வில்லு கோணலா போகுது. அவனைப் பக்கத்துல வச்சுக்கோ" என்றார். மறுநாள் காலை 7 மணிக்கு அந்தப் பையனை வரச் சொன்னேன்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். வேலையைத் தெரிந்துகொள்ள அவள் தன் பழைய மிடில் ஸ்கூல் டீச்சரிடம் அனுமதி கேட்டு, செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் ஆறாம் வகுப்பு அறையில் ஒரு நாள் முழுக்க இருக்கட்டும். பென்சில்கள் போய் வில் கைக்கு வரும் வாரம் அது. சுருதி சேர்க்கத் தெரிந்த இரண்டு கைகள் கூடுதலாகக் கிடைத்தால் அந்த டீச்சர் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார்.